அண்ணனின் ஜெபத்தில் ஓர் இடைவெளி

என் அண்ணன் மேடையேறுவதற்கு முன்னால் யாரிடம் பேசுகிறான் என்பது அவனுடைய ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன பேசுகிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் ராக் பாடகன். கிட்டாரும் அவனே வாசிப்பான். கூட்டத்துக்கெல்லாம் பின்னால், அரங்கத்தின் கடைசியில், மேஜை நிறையப் பட்டன்களோடு ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருப்பாளே, யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தி, அது நான். பள்ளிக்கூடத்தில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஒலி மேஜையில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. கேட்டால் போதும்.

அண்ணன் தலையில் மாட்டுகிற மைக்கில்தான் பாடுவான். அதன் கம்பி முதுகு வழியாக இறங்கி, பெல்ட்டில் செருகிய சின்னப் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டி அவன் குரலைக் காற்று வழியாக என் மேஜைக்கு அனுப்பும். கூட்டத்துக்குக் கேட்காமல் மூடி வைத்துவிட்டு, என் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்பதற்கு மேஜையில் ஒரு பட்டன் உண்டு. மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. நான் அதைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருப்பேன்.

ஏனென்றால் மைக்கை மாட்டிக்கொண்ட பிறகு அண்ணன் மேடைக்குப் பின்னால் ஒரு மூலை தேடிப் போவான். நாற்காலி அடுக்கி வைக்கும் அறை, துடைப்பம் வைக்கும் அறை, எதுவும் இல்லையென்றால் கழிப்பறை. கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பான். அவன் முழங்கால் தரையில் படுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும்.

"ஆண்டவரே, இடியோட முழங்கால் வலி கொஞ்சம் குறையணும். தூணோட பையனுக்குப் பரீட்சை. வேன் இன்னிக்கு நடுவழியில நிக்கக் கூடாது. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, பாத்துக்கோங்க."

இடி எங்கள் டிரம்ஸ்காரர். தூண், பேஸ் கிட்டார்; மேடையில் நின்ற இடத்தை விட்டு நகராததால் அந்தப் பெயர். இவர்களுக்காக ஜெபிப்பது நியாயம்தான். ஆனால் ஒரு தடவை அரங்கத்து வாசலில் நொண்டிக்கொண்டிருந்த நாய்க்கும் ஜெபித்தான். எங்களை ஏமாற்றின கான்ட்ராக்டருக்கும் ஜெபித்தான். பாப்பா என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வரவே இல்லை. பாப்பா என்றால் நான். நொண்டி நாய்க்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

ஜெபத்தின் கடைசியில் எப்போதும் ஓர் இடைவெளி வரும். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை, மூச்சுகூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டப்'. உடனே அண்ணன், "எல்லாத்துக்கும் நன்றி, ஆமென்," என்பான்.

நான் ஒலி பார்க்கிறவள். குரல் அறுந்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கருவியில் கோளாறு. பேட்டரியை மாற்றினேன். ஆன்டெனாவை உயரத்தில் கட்டினேன். அலைவரிசையை மாற்றிப் பார்த்தேன். கம்பியின் முனையைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே இடத்தில் 'டப்'.

•

எனக்கு இயேசுவின் மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வளர்ந்த வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே அறை. நடுவில் ஒரு அலமாரியைத் திருப்பிப் போட்டு அம்மா சுவர் எழுப்பியிருந்தாள். அண்ணன் அந்தப் பக்கம் கிட்டார் வாசிப்பான். நான் இந்தப் பக்கம் படுத்தபடி, "மூணாவது கம்பி இறங்கியிருக்கு," என்பேன். அவன் முறுக்குவான். "இப்போ?" "ஏறிடுச்சு." "இப்போ?" "ம்." அலமாரிக்கு மேலாக ஒரு மிட்டாய் வந்து விழும். அவன் உண்டாக்கின முதல் பாட்டைக் கேட்ட முதல் ஆள் நான். அடுத்ததையும் அதற்கடுத்ததையும் அப்படியே. நான் 'ம்' சொன்னால்தான் அது பாட்டு.

பிறகு அவனுக்கு இயேசுவின் மேல் விசுவாசம் வந்தது. அம்மா வாரா வாரம் சபை ஆராதனைக்கு இழுத்துப் போனபோதெல்லாம் வராதது, அவன் பேர் வாங்கிய பிறகு, பெரிய கூட்டங்கள் பார்த்த பிறகு வந்தது. அன்றிலிருந்து புதுப் பாட்டு வந்தால் கிட்டாரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான். இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரியும், யாரோ ஏற்கனவே 'ம்' சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பாடிக் காட்டுவான். ஆறின டீயை நீட்டுவதுபோல.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? ஒரு பெண் என்றால் மூக்கு கோணல் என்று சொல்லலாம். ஒரு நண்பன் என்றால் கெட்ட சகவாசம் என்று அம்மாவிடம் போட்டுக் கொடுக்கலாம்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவள். அவளுக்கு அண்ணனுடைய விசுவாசத்தில் சந்தோஷம், சத்தத்தில் கோபம். "இயேசப்பா என்ன செவிடா? இவ்வளவு கத்தித்தான் கூப்பிடணுமா?" என்பாள். ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அம்மா, பொறாமைப்படறது பாவமா?"

"யாரு மேல?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா யாரும் பாவத்தைப் பத்தி விசாரிக்க மாட்டாங்க. அந்தப் பக்க முனையைப் பிடி." நான் விரிப்பின் முனையைப் பிடித்தேன். "பாவந்தான். ஆனா கடவுளே பைபிள்ல தன்னை எரிச்சலுள்ளவர்னு சொல்லியிருக்காரு, பொறாமைக்காரர்னு. நம்ம மேல உள்ள பிரியத்துல. நீ வேற யாரையும் பாக்காதேன்னு."

"அப்போ அவர் படலாம், நான் படக் கூடாதா?"

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த வாய் பள்ளிக்கூடத்துல எங்கேடி போச்சு?"

•

அந்தக் கோளாறை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவது என்று அடுத்த நிகழ்ச்சிக்கு முந்தின நாள் உட்கார்ந்தேன். நாங்கள் ஒத்திகை பார்க்கும் இடம் ஒரு பழைய கார் பட்டறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும்; தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. இடியண்ணன் மட்டும் முன்னதாக வந்திருந்தார். அண்ணன் ஜெபிக்கும்போது குரல் அறுந்துபோவதைச் சொல்லி, மைக்கையும் பெட்டியையும் அவருக்கு மாட்டிவிட்டு, பட்டறை முழுக்க நடக்கச் சொன்னேன்.

"என்ன பேசணும்?"

"எது வேணா."

"ஹலோ ஹலோ, இந்தக் குழுவுல டிரம்ஸ் வாசிக்கிறவர்தான் அழகானவர். கேக்குதா பாப்பா? பாடறவன் சுமார். பேஸ் வாசிக்கிறவன் ஆளே இல்ல, மரம். இப்போ கழிப்பறைக்குள்ள போறேன். இதையும் கேக்கப் போறியா?"

"கேட்டுத்தான் ஆகணும்," என்றேன். அவரோடு மட்டும் எனக்குப் பேச்சு கொஞ்சம் வரும்.

அவர் கழிப்பறை, மாடிப்படி, தெருமுனை என்று எல்லா இடமும் போய் வந்தார். குரல் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்து பெட்டியைக் கழற்றி என் கையில் போட்டார். "உன் அண்ணன் ஜெபம் பண்ணும்போது மட்டும் அறுந்து போகுதுன்னா, மேல இருக்கறவரு லைனை வெட்டுறாரு போல." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் பெட்டியை அணைப்பதற்காக அதன் தலையில் இருந்த சுவிட்சைத் தள்ளினேன். ஹெட்ஃபோன் காதிலேயே இருந்தது.

'டப்.'

மறுபடி தள்ளினேன். 'டப்.' அதே சத்தம். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லை.

எங்கள் தொழிலில் பெட்டியின் சுவிட்சைப் பூட்டி வைப்பது வழக்கம். பெட்டிக்குள்ளேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. பூட்டிவிட்டால் சுவிட்சைத் தள்ளினாலும் அது நகருமே தவிர ஒலி நிற்காது. பாட்டின் நடுவே பாடகரின் கைபட்டுக் குரல் போய்விடக் கூடாது என்பதற்காக. அண்ணன் மட்டும் பூட்ட விட்டதில்லை. "எனக்கு இருமல் வரும் பாப்பா. வந்தா நானே அணைச்சுக்கறேன்." இத்தனை வருடத்தில் அவன் மேடையில் ஒரு தடவைகூட இருமியதில்லை. இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஆக, நான் ஒட்டுக்கேட்பது அவனுக்குத் தெரியும். எனக்குக் கேட்கலாம் என்று அவன் நினைத்ததைக் கேட்க விட்டிருக்கிறான். கேட்கக் கூடாததை, சுவிட்சை அணைத்துவிட்டு, அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். முகமெல்லாம் எரிந்தது. நான் கெட்டுப்போன கருவி என்று நினைத்துப் பற்றவைத்தது, என் முகத்துக்கு நேரே சாத்தின கதவு.

•

மறுநாள் இரண்டு குழுக்களுக்குச் சேர்த்து ஒரே நிகழ்ச்சி. முதலில் நாங்கள். அடுத்தது செம்பட்டையின் குழு. அவள் பாடகி, தலைமுடிக்குச் செங்கல் நிறத்தில் சாயம் பூசியிருப்பாள். அவளுடைய ஒலிக்காரர் வேலையை விட்டுப் போனதிலிருந்து, போகிற அரங்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் அண்ணனைப் பேட்டி எடுக்க ஒரு வானொலி நிருபர் வந்தார். ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இடியண்ணன் சோபாவில் படுத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இயேசு நல்ல மனுஷர், பெரிய ஞானி, ஏழைகளுக்காகப் பேசினவர். இதை நானும் ஒத்துக்குவேன்," என்றார் நிருபர். "ஆனா கடவுள்னு சொல்றீங்களே? தச்சு வேலை பார்த்த ஒருத்தரைப் போய்? நீங்க ராக் பாடறவர் சார். உங்க ரசிகர்களுக்கே கொஞ்சம் சங்கடமா இல்ல?"

"சங்கடந்தான். சபையிலயும் சங்கடம். அங்க என் டிரம்ஸை உள்ள விடமாட்டாங்க, இங்க என் ஆண்டவரை உள்ள விடமாட்டாங்க."

"டிரம்ஸை விட்டாலும் என்னை விடமாட்டாங்க," என்றார் இடியண்ணன் ரொட்டியோடு.

"நான் கேட்டதுக்குப் பதில் வரலையே?"

அண்ணன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டான். "போன வருஷம் ஒரு கூட்டம். படுக்கை விரிப்புல 'எங்க கடவுள் நீதான்'னு பெயிண்ட் அடிச்சுத் தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. எல்லாரும் அதையே கத்தினாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நல்லா இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு. மேடையை விட்டு இறங்கவே மனசு வரல. வேன்ல வந்து உக்காந்தப்புறம்தான் எனக்கே பயமாயிடுச்சு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இயேசுவையும் ராஜாவாக்கணும்னு ஒரு கூட்டம் வந்துச்சு. ஓடி மலைக்குப் போயிட்டாரு. கடைசியில தன் ஆளுங்க காலை உக்காந்து கழுவிவிட்டாரு. மனுஷன் அப்படிச் செய்யமாட்டான் சார். எனக்குத் தெரியும், நான் அந்த உயரத்துல நின்னு பாத்திருக்கேன். மனுஷன்னா கிடைச்சதைப் புடிச்சுத் தொங்குவான். உயரம் யாரோட சொந்தமோ அவராலதான் அதை விட்டு இறங்க முடியும். விடறதுதான் கடவுள் வேலை. அதனாலதான் நான் அவரை வெறும் நல்ல மனுஷர்னு சொல்லமாட்டேன்."

நிருபர் விடாமல், "கால் கழுவின நல்ல மனுஷங்க நிறையப் பேர் இருக்காங்களே," என்றார்.

"இருக்காங்க. ஆனா யாராவது அதைப் பாத்துடமாட்டாங்களான்னு ஒரு கண்ணு வெளியே இருக்கும். எனக்கு இருக்கும்."

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டே பல்லைக் கடித்தேன். நல்ல மனுஷர் என்று ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதா? மனுஷர் என்றால் எனக்குச் சமம். சண்டை போடலாம், குறை கண்டுபிடிக்கலாம், என்றைக்காவது அவரும் காது மந்தமாகி ஒரு கம்பி இறங்கியதைக் கவனிக்காமல் விடுவார் என்று காத்திருக்கலாம். கடவுள் என்றால் நான் எங்கே போவேன்?

மதியம் மேஜையில் கேபிள்களைச் செருகிக்கொண்டிருந்தபோது செம்பட்டை வந்தாள். பக்கத்தில் நின்று என் கைகளையே பார்த்தாள்.

"நீ யோசிச்சுச் சொல்லியிருக்கலாம் பாப்பா," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் நடைவழியில் அவளும் அண்ணனும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவள் கையை நீட்டி நீட்டிக் கெஞ்சினாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினான். அவன் காது சிவந்திருந்தது. பொய் சொல்லும்போதும் வெட்கப்படும்போதும்தான் அவன் காது சிவக்கும்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெபத்தின் இடைவெளியில் இருப்பது செம்பட்டை. என்னிடம் மறைத்து, அவரிடம் மட்டும் சொல்கிற பெயர் அதுதான். யோசிச்சுச் சொல்லியிருக்கலாம் என்றாளே, நான் ஏதோ குறுக்கே நிற்பதாக அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கிறான் போல. முதலில் அவருக்கு அடுத்த இடம். இனி இவளுக்கும் அடுத்த இடம். பிறகு நாய், பிறகு நான்.

அவன் மைக்கைக் கொண்டுவரச் சொன்னபோது பெட்டியில் புதுப் பேட்டரி போட்டேன். அப்படியே சுவிட்சைப் பூட்டினேன்.

•

கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். கதவு சாத்துகிற சத்தம். முழங்கால் தரையில் படுகிற சத்தம்.

இடியின் முழங்கால். தூணின் பையன். வேன். இன்றைக்கு அந்த நிருபரும் சேர்ந்துகொண்டார். அம்மாவின் மூச்சு.

பிறகு பிளாஸ்டிக் நகர்கிற மெல்லிய 'டிக்'. 'டப்' வரவில்லை. அமைதியும் வரவில்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எப்பவும்போலக் கடைசியா பாப்பா விஷயம், ஆண்டவரே."

பட்டனை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"இன்னிக்கும் பொய் சொல்லிட்டேன். செம்பட்டை மறுபடி கேட்டா. ஒரு வருஷம் நாடு நாடாப் போறாங்களாம், ஒலிக்குப் பாப்பாதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. போன மாசம் சொன்னதையே சொன்னேன். பாப்பாகிட்ட கேட்டேன், அவ வரமாட்டேன்னுட்டா, அவளுக்குப் புது ஆளுங்கன்னா பயம்னு. பாப்பாகிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டா போயிடுவா. உங்களுக்குத் தெரியும், அவ போயிடுவா."

முழங்காலை மாற்றி ஊன்றுகிற சத்தம்.

"என் குரல் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். பாதி அவ கைதான். அவ இன்னொருத்தி குரலைத் துடைச்சு நிமித்தி வெக்கறதை நெனச்சா வயிறு எரியுது. பொறாமை, வேற பேரு இல்ல. காலையில அந்த ஆள்கிட்ட அவ்வளவு பேசினேன், விடறதுதான் கடவுள் வேலைன்னு. நீங்க இறங்கினீங்க. நான் பாப்பாவோட பாவாடையைப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். விடற மனசைக் குடுங்க." நிறுத்தினான். "நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் குடுத்தாக்கூடப் போதும்."

'டிக்.' உடனே குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எனக்குக் கேட்கட்டும் என்று, "எல்லாத்துக்கும் நன்றி, ஆமென்."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமே இல்லாத சந்தோஷம். என் மேல் ஒருவனுக்குப் பொறாமையாம். நொண்டி நாய்க்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், தனியாக, கதவுக்குள் ஒரு கதவு சாத்தி. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு அடங்கினதும் கோபம் வந்தது. ஒரு மாதம். என்னிடம் கேட்க வேண்டியதை ஒரு மாதமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயமாம். பயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வரமாட்டேன் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டாமா? கடல், கப்பல், தெரியாத ஊர் அரங்கங்கள், ஒவ்வொன்றிலும் சுவர் எப்படி எதிரொலிக்கும் என்று கைதட்டிப் பார்ப்பது. இதெல்லாம் எனக்கு வேண்டும் என்று எனக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. தெரிந்த அதே நிமிடம் அது ஏற்கனவே இரண்டு தடவை போய்விட்டது என்பதும் தெரிந்தது.

விளக்குகள் அணைந்தன. கூட்டம் கத்தியது. அண்ணன் மேடைக்கு வந்து வாயைத் திறந்தான். அவன் குரலைத் திறக்க வேண்டியது என் விரல். திறக்காமலிருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அவன் கத்துவான், ஈ எறும்புக்குக்கூடக் கேட்காது. ஆனால் விரல் பழக்கப்பட்ட விரல், தானாகத் தள்ளிவிட்டது. குரல் அரங்கத்தை நிறைத்தது. வைத்த இடத்தில் நின்றது. எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், எனக்கே எரிச்சலாக இருந்தது.

இரண்டு பாட்டுகள் போயின. மூன்றாவது, புதுப் பாட்டு, எனக்கு ஆறின டீயாக வந்த பாட்டு. இடியண்ணன் குச்சிகளை உயர்த்தினார். முன்வரிசையில் யாரோ அதே விரிப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். எங்க கடவுள் நீதான்.

மேஜையிலிருந்து பாடகரின் காதுக்குள் பேச ஒரு பட்டன் இருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். நான் பேசியதில்லை, டார்ச் அடித்துத்தான் காட்டுவேன். அதை அழுத்தினேன்.

"அண்ணா. பெட்டியைப் பூட்டியிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவன் கை காதுக்குப் போனது. அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைப் பார்த்தான். இடியண்ணன் தாளத்தைத் தொடங்கிவிட்டார். அண்ணன் சேர வேண்டிய இடம் வந்து, போனது. தூண் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பினதை அன்றுதான் பார்த்தேன். இடியண்ணன் ஒன்றும் நடக்காததுபோல் இன்னொரு சுற்று அடித்துக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் அவனுக்காகக் காத்திருந்தார். இந்தத் தடவை அண்ணன் பாடினான். குரல் உடைந்திருந்தது. நான் அதைச் சரிசெய்யவில்லை, இருந்தபடியே விட்டேன்.

•

எங்கள் நேரம் முடிந்தும் கூட்டம் விடவில்லை. இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கத்தியது. வழக்கமாக அண்ணன் வருவான், அதற்காகவே ஒரு பாட்டை எடுத்து வைத்திருப்பான். மேடை காலியாகவே இருந்தது. அப்போது பக்கவாட்டு வழியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரும் அடையாளம் காணாதபடி ஒருவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். என் மேஜைக்கு அவன் நிகழ்ச்சி நேரத்தில் வந்ததே இல்லை.

"எவ்வளவு கேட்ட?"

"அம்மா மூச்சுக்கு அப்புறம் எல்லாம்."

துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "கோவமா?"

"ஆமா."

"என் மேல."

"உன் மேலயும். அவர் மேலயும்."

"அவர் என்ன பண்ணாரு?"

"ஒரு மாசமா அவருக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொன்னாரா எங்கிட்ட?"

அண்ணன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்போது செம்பட்டை வந்தாள். அரங்கத்து ஒலிக்காரரைத் தேடி வந்தவள், எங்களைப் பார்த்து நின்றாள். அண்ணன் அவளிடம், "அது வந்து... பாப்பா விஷயமா நான் சொன்னது..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் கத்துகிறவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்குமென்று? பாவமாக இருந்தது.

"அண்ணன் எங்கிட்ட கேக்கவே இல்லக்கா," என்றேன். "இப்போ நீங்க கேளுங்க."

செம்பட்டை அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ திட்ட வந்தவள் விழுங்கிக்கொண்டாள். "வர்றியா?"

"வரேன்."

"பயமா இருக்குன்னு உன் அண்ணன் சொன்னாரே?"

"இருக்கு. வரேன்."

"அப்போ இன்னிக்கே உக்காரு. அந்த ஆளு போன தடவை என்னைக் கிணத்துக்குள்ள பாடற மாதிரி வெச்சான்." மேடையை நோக்கி ஓடினாள்.

அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, எங்கள் வாத்தியங்களின் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவள் குழுவின் கேபிள்களைச் செருக ஆரம்பித்தான். அது என் வேலை. அவன் செருகினதில் இரண்டு தப்பு. நான் காலால் தட்டிக் காட்டினேன், மாற்றினான். எழுந்தபோது முழங்காலெல்லாம் தூசி.

செம்பட்டை பாட ஆரம்பித்தாள். கனத்த குரல், அடியில் கொஞ்சம் மணல். நான் அடியைக் கொஞ்சம் தள்ளி, மணலை மட்டும் முன்னால் கொண்டுவந்தேன். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றான். அவன் தாடை அசைந்தது.

"பாப்பா."

"ம்."

"இவ்வளவு நல்லா வெக்காதேடி."

"போண்ணா."

"கொஞ்சம் கிணத்துக்குள்ள தள்ளு. லேசா."

நான் திரும்பவில்லை. அவன் காது சிவந்திருக்கும் என்று திரும்பாமலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஆள் இல்லை.

அடுத்த பாட்டுக்கு நடுவே மேஜையின் ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்குவதைக் கவனித்தேன். அண்ணனுடைய மைக். பெட்டியைக் கழற்ற மறந்து போயிருக்கிறான். கூட்டத்துக்கு மூடித்தான் இருந்தது, ஆனால் விளக்கு மினுங்கியது, நின்றது, மறுபடி மினுங்கியது. எங்கேயோ, நாற்காலி அடுக்கிய அறையில், அவன் பேசிக்கொண்டிருந்தான். என் விரல் அந்தப் பட்டனின் மேல் போய் நின்றது.

மேடையில் செம்பட்டை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வரியில் அவள் குரல் ஸ்பீக்கரைக் கிழிக்கும், பிடிக்காவிட்டால். எனக்கு இருப்பது இரண்டு காது. விரலை எடுத்து அவள் பட்டனில் வைத்தேன். பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அவரே கேட்டுக்கொள்ளட்டும்.